தமுக்கு அடிக்காத ஒத்திகை

எங்கள் ஊர் முதலுதவிக் குழு மாநாட்டுக்காகக் கூடிய முதல் கூட்டத்திலேயே ஒரு கடிதம் கிழிந்தது. கிழித்தவர் ஹெட்மாஸ்டர். எங்கள் சங்கத்தின் உலகக் குழுவிடமிருந்து வந்த ஏர்மெயில் கடிதம். மாநாடு ஏப்ரலில் நடக்கும், வரவேற்பில் மாலை வேண்டாம், பிரதிநிதிகள் தங்கப்போகும் பள்ளிக்கூடத்தில் பாம்பு உண்டா என்று எழுதித் தெரிவிக்கவும் என்று மூன்றே விஷயங்கள் அதில் இருந்தன. விருதுநகர் ஏப்ரலைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹெட்மாஸ்டர் கடிதத்தை நான்காகக் கிழித்து மேசையில் அறைந்தார். கண்ணாடி டம்ளர் உருண்டு விழுந்து உடைந்தது. பக்கத்தில் இருந்த நர்ஸின் பாதத்தில் ஒரு சில்லு ஏறியது. முதலுதவித் தொண்டர்களின் மாநாட்டில் முதல் ரத்தம் அதுதான்.

நான் கடிதத் துண்டுகளைப் பொறுக்கி அட்டையில் ஒட்டிக் கோப்பில் வைத்தேன்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இது நடந்து நான்கு வருடம்தான் ஆகிறது. விருதுநகரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவளாக வேலை. வெளியூரில் இரண்டு வருடம் படித்துச் சர்டிபிகேட் வாங்கி வந்திருந்தேன். எந்த எலும்பு, எந்த இடத்தில், எத்தனை துண்டு என்று வரிசையாக எழுதிப் பழகிய கை. மளிகைச் சாமானையும் அப்படித்தான் எழுதுவேன், ஞாயிற்றுக்கிழமை செய்யவேண்டிய வேலைகளையும் அப்படித்தான் எழுதுவேன். அதற்காகவே என்னைக் குழுவுக்குச் செயலாளர் ஆக்கினார்கள்.

அந்தச் சங்கத்துக்குப் பல நாடுகளில் கிளைகள் இருந்தன. எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் கூடிப் பேசி, செய்து காட்டி, கலைந்துபோவார்கள். அந்த முறை எங்கள் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தீக்காயம். சிவகாசியையும் அதைச் சுற்றியுள்ள பட்டாசுக் கம்பெனிகளையும் அவர்கள் எங்கோ படித்திருந்தார்கள். அங்கிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாழையிலையில் சுற்றிய உடம்புகள் வரும். சிலவற்றுக்கு மூச்சு இருக்கும். இவ்வளவு தீக்காயத்தைத் தொண்டர்கள் ஒரே இடத்தில் பார்த்துப் படிக்க வேறு ஊர் கிடைக்காது என்று உலகக் குழு எழுதியிருந்தது. அது பாராட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஊர்க் குழுவில் ஐந்து பேர். ஹெட்மாஸ்டர் தலைவர். இரண்டு நர்ஸ்கள், நான், ஐந்தாவதாக ஒரு போர்மேன். அவர் சிவகாசி சாலையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குப் பொறுப்பாளர். வெடிமருந்தை எங்கள் பக்கத்தில் மருந்து என்றுதான் சொல்வோம். நாற்பது வயதிருக்கும். மல்லாங்கிணற்றில் இருந்த மானாவாரி நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, கம்பெனியை ஒட்டிய கிராமத்தில் குடியேறியவர். அங்கே வேலை செய்யும் பெண்களில் பாதிப் பேர் அவர் தெரு. ஒருமுறை ஷெட் எரிந்தபோது உள்ளே புகுந்து நான்கு பேரை இழுத்து வெளியே போட்டிருக்கிறார். அந்த நான்கு பேர்மேலும் ஊர்க்காரர்கள் பேனா மையை ஊற்றினார்கள். மூன்று பேர் பிழைக்கவில்லை. மைக்குப் பதில் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் சொன்னதைக் கேட்டு, அடுத்த வாரமே முதலுதவி வகுப்பில் வந்து உட்கார்ந்தார். ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.

கடிதம் கிழிந்த அன்று நான் ஒரு தாளில் மூன்று பத்திகள் கோடு போட்டேன். முதல் பத்தி ஊர்க் குழு முடிவு செய்வது: தங்குமிடம், சாப்பாடு, குடிதண்ணீர், கக்கூஸ், வண்டி, ஊருக்கு அறிவிப்பு. இரண்டாவது உலகக் குழு முடிவு செய்வது: சொற்பொழிவுகள், செயல்விளக்கம், பிரதிநிதிகள் தேர்வு. மூன்றாவது, இருவரும் சேர்ந்து முடிவு செய்வது: தேதி, நேரம், அழைப்பிதழ். அடியில் ஒரு விதியும் எழுதினேன். ஒருவர் பத்தியில் இருப்பதில் மற்றவர் தலையிடக் கூடாது.

தாளைத் தட்டச்சு செய்து அனுப்பினோம். கையெழுத்தோடு திரும்பி வந்தது. இத்தனை தெளிவான தாளை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று ஒரு வரியும் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் எந்தக் கடிதமும் கிழியவில்லை. தேதியைப் பற்றி மட்டும் ஏழு கடிதம் போனது, ஏழு வந்தது, ஏப்ரல் ஏப்ரலாகவே நின்றது. மற்றபடி அமைதி. எனக்கு உள்ளூர நிரம்பப் பெருமை.

மாநாட்டுக்குப் பத்து நாள் முன்னதாக உலகக் குழுவின் அமைப்பாளர் வந்து இறங்கினார். வட ஐரோப்பாவில் ஒரு துறைமுக நகரத்து அம்மையார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு ஒரு விரல் குறைவான உயரம். முதல் நாளே எங்கள் சாம்பாரை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே கக்கூஸ்களைப் பார்வையிட்டார். சண்டைக்காலத்தில் அவர் நகரத்தில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளிலிருந்து கைகளால் மனிதர்களைத் தோண்டி எடுத்திருக்கிறார். தோண்டும்போது கிடைத்த பாகங்களைப் பற்றி, ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற குரலில் சொல்வார்.

செயல்விளக்கம் அவர் பத்தி. பட்டாசுக் கம்பெனிக்குப் பக்கத்துப் பொட்டலில் ஒரு பொய்யான தீ விபத்து. சத்தத்துக்கு ஒரு குண்டு, புகைக்கு ஈர வைக்கோல், உடம்பில் தீக்காயம் தீட்டிய பன்னிரண்டு பேர். முப்பது பிரதிநிதிகளும் ஓடிவந்து அவர்களைத் தூக்கிக் கட்டுப்போட்டு வேனில் ஏற்றவேண்டும். வெயில் உச்சிக்கு ஏறும் முன்னால், காலை பத்தரைக்கு. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது, போலீஸுக்குக்கூட. கம்பெனி முதலாளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் வாய்மொழியாகத் தெரிந்தால் போதும்.

இதைக் கேட்டதும் போர்மேன் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"நாலு மணிக்கு வைங்க. அன்னன்னைக்குச் செஞ்ச வெடிய நாலு மணிக்குத்தான் வெடிச்சுப் பாப்போம். அப்ப ஒரு சுடுகுஞ்சு திரும்பிப் பாக்காது. காலையில கேட்டுச்சுன்னா அம்புட்டுப் பொம்பளையும் அடுப்பைப் போட்டுட்டு ஓடியாந்துருவாக."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் தலையசைத்தார். அவர்கள் ஓடிவருவதுதான் பயிற்சியின் முக்கியமான பகுதி என்றார். கூட்டத்தை விலக்கத் தெரியாத தொண்டருக்குக் கட்டுப்போடத் தெரிந்து என்ன பயன்? அவர் நகரத்தில் முன்னறிவிப்போடு ஒத்திகை நடத்தினார்களாம். ஜனங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு உண்மையான குண்டு விழுந்த இரவில் தொண்டர்களே ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். அவர் தங்கை அந்த மிதியில் செத்தாள். இதை அவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

போர்மேன், சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய நேரம் உங்கள் இஷ்டப்படியே இருக்கட்டும், சுற்றியிருக்கிற மூன்று கிராமத்திலும் முந்தின நாள் தமுக்கு அடித்துச் சொல்லிவிடுவோம் என்றார். ஊருக்கு அறிவிப்பு நம் பத்திதானே என்று ஹெட்மாஸ்டரும் சேர்ந்துகொண்டார். முன்னறிவிப்பு இல்லாமல் செய்வது செயல்விளக்கத்தின் தன்மை, ஆகவே அது எங்கள் பத்தி என்றார் அம்மையார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாள் என்னுடையது.

நான் தாளைப் படித்தேன். அறிவிப்பு என்று நான் எழுதியபோது மாநாட்டுச் சுவரொட்டிகளைத்தான் நினைத்திருந்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆகவே தமுக்கு உலகக் குழுவின் பத்தியில் வரும் என்றேன். அந்தப் பெண்மணியின் தங்கையும் என் மனத்தில் இருந்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால், இரண்டு மாதம் சண்டையில்லாமல் வைத்திருந்த தாள் ஒரு தமுக்கினால் கெட்டுப்போகக் கூடாது என்பதுதான் பெரிய காரணம்.

போர்மேன் உட்காரவில்லை.

"எக்ஸ்ரேம்மா, அவுக எல்லாரும் ரயிலேறிப் போயிருவாக. நான் அந்தத் தெருவுலல்ல குடியிருக்கணும்."

நானும் இங்கேதானே இருக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "நீங்க விருதுநகர்ல இருக்கீக," என்றார். பிறகு, தாளில் போட்டாகிவிட்டது என்றால் சரிதான் என்று உட்கார்ந்தார். அவர் ஆட்சேபணையையும் என் தீர்ப்பையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினேன். நான் எதையும் எழுதாமல் விடுவதில்லை.

காயம்பட்டவர்களாக நடிக்கக் கம்பெனியிலிருந்தே பன்னிரண்டு பெண்களை அவர் கூட்டிவந்தார். எல்லோரும் பதினாறை ஒட்டிய வயதுக்காரிகள். வீட்டில் சொல்லக் கூடாது என்று அவரே அவர்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஒப்புக்கொண்ட பிறகு அவர் அரைகுறையாக எதையும் செய்கிறவரில்லை.

செயல்விளக்கத்தன்று காலை எட்டு மணியிலிருந்து, பொட்டலின் ஓரத்தில் ஒரு காலி ஷெட்டில் வைத்துப் பெண்களுக்குக் காயம் தீட்டினோம். மைதாப் பசை, பீட்ரூட் சாறு, விளக்குக் கரி, பட்டாசு சுற்றுகிற மெல்லிய தாள். தாளைப் பசையில் நனைத்துக் கன்னத்தில் ஒட்டி, ஓரத்தைக் கிழித்துத் தொங்கவிட்டால் தோல் உரிந்ததுபோல இருக்கும். அம்மையாருக்கு அதில் தேர்ந்த கை. நானும் தீட்டினேன். ஆழமான தீக்காயத்தில் கொப்புளம் இருக்காது, வெளுத்துத்தான் இருக்கும் என்று இரண்டு முகங்களைத் திருத்தச் சொன்னேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் அதிகம் வாயாடுகிற ஒருத்திக்குப் பதினேழு வயது. இருப்பதிலேயே பெரிய காயம் தனக்குத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். முகம் முழுவதும் போட்டோம். கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இத எங்காத்தா பாத்துச்சுன்னா, இனிமே எவன் கட்டுவான்னு ஒப்பாரி வச்சுரும்," என்றாள். மற்ற பெண்கள் சிரித்ததில் இரண்டு பேருக்குக் கன்னத்துத் தாள் விழுந்து மறுபடி ஒட்டவேண்டியதாயிற்று. நீ நினைவில்லாமல் கிடக்கிறாய், விசில் ஊதுகிறவரை என்ன நடந்தாலும் கண்ணைத் திறக்கக் கூடாது என்று அம்மையார் சொன்னதை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். விசில் அம்மையார் கழுத்தில் தொங்கியது.

பத்தரைக்குக் குண்டு வெடித்தது. புகை எழுந்தது. பெண்கள் அங்கங்கே விழுந்து கிடந்தார்கள். பிரதிநிதிகள் மூங்கில் ஸ்ட்ரெச்சர்களோடு ஓடினார்கள். முதல் சில நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் கையில் தாளோடு நின்று, எந்தக் காயத்துக்கு முதலில் போனார்கள், என்ன கட்டினார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பருத்திச் செடிகள் காய்ந்து மாராக நின்ற கரிசல் காட்டுக்குள்ளிருந்து பெண்கள் வந்தார்கள். நான் அலறலை எதிர்பார்த்திருந்தேன். அவர்கள் அலறவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க ஓடிவந்தார்கள். ஒருத்தியின் கையில் அகப்பை இருந்தது. ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். அந்த வழியில் அவர்கள் முன்பும் ஓடியிருக்கிறார்கள் என்பது கால்வைப்பிலேயே தெரிந்தது.

பதினேழு வயதுக்காரியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு இரண்டு பிரதிநிதிகள் எனக்கு ஐந்து எட்டு வைக்கும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா வந்து மகள்மேல் விழுந்தாள். ஸ்ட்ரெச்சர் தரையில் இறங்கியது. அம்மா மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கையை எடுத்தபோது தாளும் பசையும் சிவப்பும் கையோடு வந்தன. மகளின் தோல் தன் உள்ளங்கையில் ஒட்டியிருப்பதை அவள் பார்த்தாள். அப்போதுதான் கத்தினாள். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. இமை துடித்தது, ஆனால் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

நான் அம்மையாரைத் தேடினேன். அவர் புகைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஸ்ட்ரெச்சரைக் கவனித்துக்கொண்டிருந்தார். எழுந்திரு என்று அந்தப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விசில் என் வேலை இல்லை என்று நின்றேன். அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் வண்டிப்பாதையிலிருந்து ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். போர்மேன் ஓடிவந்து, நடிப்புத்தா, நடிப்பு, பிள்ளைக்கு ஒண்ணுமில்லை என்று அந்த அம்மாவின் தோளைப் பிடித்தார். அவரைப் பின்னாலிருந்து ஒருவன் கழுத்தில் அடித்தான். அவர் முழங்காலில் விழுந்தார். ஒருவன் ஸ்ட்ரெச்சரிலிருந்து மூங்கிலை உருவினான்.

அப்போது விசில் ஊதியது. செத்துக் கிடந்த பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு மூச்சு நேரம் பொட்டலில் யாரும் அசையவில்லை. இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பிள்ளை உயிரோடு இருப்பதைப் பார்த்தால் கோபம் போய்விடும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். அந்த அம்மா தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போர்மேன் பக்கம் திரும்பினாள்.

"எம் பிள்ளைய வச்சு வேடிக்கையாடா காட்டுற?"

அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. அதற்கு முன் நடந்ததையெல்லாம் தள்ளுமுள்ளு என்றுதான் சொல்லவேண்டும். வேனின் கண்ணாடிகள் போயின. ஒரு வெளிநாட்டு இளைஞனுக்கு முன்பற்கள் இரண்டு உதடு வழியே வெளியே வந்தன. அம்மையாரின் நெற்றியில் கல் பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் வடிந்தது. அவர் அதைத் துடைக்காமல் அந்த இளைஞனின் வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் பிரதிநிதிகளின் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். தலையில் ஒன்றும் தோளில் ஒன்றும் வாங்கினார், நகரவில்லை. கடிதம் கிழிக்கிற மனிதர் என்று மட்டுமே நான் அவரை எடைபோட்டு வைத்திருந்தேன்.

என்மேல் ஒரு கல்லும் படவில்லை. கையில் தாளோடு ஓரமாக நின்ற பெண்ணை யாரும் கண்டுகொள்ளவில்லை.

போர்மேனை நால்வர் பிடித்திருந்தார்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை. அவர் வலது கையை இழுத்து ஒரு கல்லின்மேல் வைத்து, மருந்து கலக்குகிற கை இதுதானே என்று கேட்டுக்கேட்டு மூங்கிலால் அடித்தார்கள். எலும்பு உடைகிற சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பச்சைக் குச்சியை ஒடிக்கிற மாதிரி இல்லை அது. நனைந்த துணிக்குள் வைத்து எதையோ நசுக்குகிற மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பதினேழு வயதுக்காரி ஓடிப்போய் அவர்மேல் குப்புற விழுந்தாள். பின்னாலேயே இரண்டு மூன்று பெண்கள் விழுந்தார்கள். அவள் அம்மா அப்போது ஒரு மூங்கிலை ஓங்கியிருந்தாள். ஓங்கியதை நிறுத்த முடியவில்லை. அடி மகளின் முதுகில் இறங்கியது. மகள் கத்தினாள். அதோடு எல்லாரும் நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு முதல் அரை மணி நேரம் துடைப்பதிலேயே போயிற்று. எது ரத்தம், எது பீட்ரூட் என்று ஈரத் துணியால் துடைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. என் மேசைக்கு ஏழு பேர் வந்தார்கள். போர்மேனுக்கு மட்டும் ஒன்பது படம் எடுத்தேன். வலது உள்ளங்கை எலும்புகளில் மூன்று உடைந்திருந்தன, அதில் ஒன்று நான்கு துண்டு. கட்டைவிரல் மூட்டு நழுவியிருந்தது. இடது தோளின் காறை எலும்பு இரண்டு துண்டு. விலா எலும்பு இரண்டு, நல்லவேளை நுரையீரலில் குத்தவில்லை. ஈரப் படங்களைத் தூக்கிப் பிடித்து எழுதிக்கொண்டே வந்தேன். எழுத்து எப்போதும்போல நேராக விழுந்தது. அதைப் பார்த்து எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மேசையில் கிடந்த அவர் கண்ணைத் திறந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"தமுக்கு அடிச்சிருக்கலாம்லம்மா."

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தனக்குச் சொல்லாமல் தன் எல்லைக்குள் குண்டு வெடித்த கோபம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது. பதினேழு வயதுக்காரியின் அம்மா புகார் கொடுத்திருந்தாள். பெற்றவர்களுக்குத் தெரியாமல் பெண்பிள்ளைகளைப் போர்மேன் ஏமாற்றி அழைத்துப்போய் வெடி வைத்துப் பயமுறுத்தினார் என்பது புகார். முதலாளி தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டார். போர்மேனைக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டதாகவும் சொன்னாராம். கட்டுப்போட்டு முடிந்ததும் கைது செய்ய வேண்டும். வார்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிளை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். கை போன மனிதருக்கு வேலையும் போய், கேஸும் வந்து, அந்தத் தெருவில் பிள்ளை பிடித்தவன் என்ற பேரும் மிஞ்சப்போகிறது.

டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். தலைக்கட்டோடு ஹெட்மாஸ்டர், நெற்றித் தையலோடு அம்மையார், ஒரு கீறல் இல்லாத நான். உலகக் குழு செய்த முடிவு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார் ஹெட்மாஸ்டர். ஆமாம், என் முடிவுதான், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார் அம்மையார். இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். வெளிநாட்டுக்காரரைத் தான் ஒன்றும் செய்ய முடியாது, புகார் இருப்பது பிள்ளைகளைக் கூட்டிப்போன ஆள்மேல் என்றார்.

என்னிடம் நடவடிக்கைப் புத்தகம் இருப்பது ஹெட்மாஸ்டருக்குத் தெரியும். என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். அந்தப் பக்கத்தைக் காட்டினால் போர்மேன் எச்சரித்ததும் குழு கேட்காமல் விட்டதும் எழுத்தில் வந்துவிடும்; பள்ளிக்கூடத்தின் பேரும் ஆஸ்பத்திரியின் பேரும் அதே பக்கத்தில் இருக்கிறது; குழு இத்தோடு முடிந்துவிடும். ஒரு பக்கம் இல்லாமல் போனால் யார் கேட்கப்போகிறார்கள் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தக் குழுவைப் பன்னிரண்டு வருடம் கட்டிக் காத்தவர்.

நான் புத்தகத்தைத் திறந்து இன்ஸ்பெக்டரின் முன்னால் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"செயலாளர் தீர்ப்புன்னு போட்டிருக்கு. யாரு செயலாளர்?"

"நான்தான்."

"எழுத்து?"

"அதுவும் என்னுதுதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இதைப் படித்ததில் தனக்கு நிலைமை புரிகிறது என்றும், ஆனால் புகார் கொடுத்தவள் மாற்றிச் சொன்னால் ஒழியத் தான் எழுதியதை அடிக்க முடியாது என்றும் சொன்னார். அவள் வராந்தாவில்தான் இருக்கிறாள் என்றார். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அம்மையார் என்ன நடக்கிறது என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று வெளியே போனேன்.

மகள் பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து மகளின் முகத்தில் காய்ந்திருந்த பசையை முந்தானையை நனைத்து நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இன்னும் சிவப்பாகவே இருந்தது. இன்ஸ்பெக்டரும் என் பின்னால் வந்து வாசற்படியில் நின்றார். நான் என்ன சொல்வது என்று வழியில் மூன்று வரிகள் யோசித்து வைத்திருந்தேன். முதல் வரிக்கு மேல் தேவைப்படவில்லை.

"தமுக்கு அடிக்கணும்னு அவர் சொன்னார். வேண்டாம்னு சொன்னது நான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீ யாரு?"

"இங்க எக்ஸ்ரே எடுக்கிறவ."

"எம் மக கண்ண மூடிக்கிட்டுக் கெடந்தாள்ல. அங்கன நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"எம்புட்டுத் தூரத்துல?"

"அஞ்சு எட்டு."

"அது பொய்க்காயம்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். நானும்தான் போட்டுவிட்டேன்."

அவள் முந்தானையைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். அறை விழுந்ததில் என் கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் மோதியது. வாயின் ஒரு பக்கம் உப்புக் கரித்தது. இன்னொன்று விழும் என்று நின்றேன், விழவில்லை. மகள் பெஞ்சிலிருந்து தலையைத் தூக்கி, ஆத்தா என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு முதுகு வலித்து மறுபடி படுத்துக்கொண்டாள்.

அந்த அம்மா மூச்சு வாங்க நின்றாள். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"அந்த மனுசன் மேல எழுதுனத அடிச்சுருங்க. அவரு தமுக்கு அடிக்கத்தான சொல்லியிருக்காரு."

இன்ஸ்பெக்டர் என்னைக் காட்டினார். "அப்ப இந்தம்மா மேல எழுதிக்கவா?"

"அவ மேல என்னத்துக்கு? அதான் அறைஞ்சாச்சே."

இன்ஸ்பெக்டர் வராந்தாச் சுவரில் காகிதத்தை வைத்து வரிகளைக் கோடு போட்டு அடித்தார். அவளிடம் கைநாட்டு வாங்கினார். புகாரே இல்லாதபோது ஒரு ஆளை எதற்காக வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று முதலாளியிடமும் இரண்டு வார்த்தை கேட்பதாகச் சொன்னார். போகும்போது வார்டு வாசலில் நின்ற கான்ஸ்டபிளையும் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

நான் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கம் விரிசல். அதைப் போட்டுக்கொண்டே வார்டுக்குள் போனேன். போர்மேன் விழித்திருந்தார். கட்டுப்போட்ட கை நெஞ்சின்மேல் ஒரு பொட்டலம்போலக் கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளா?"

"ஆமா."

"தீப்பெட்டிக் கம்பெனியில கட்டுப் போடுறவ. கை கனமாத்தான் இருக்கும்," என்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினேன். விழுங்கும்போது விலா வலித்து முகம் கோணியது. பாதிதான் குடிக்க முடிந்தது.